மலை சரிஞ்சா அது யார் செஞ்ச பாவம்?

ஓம் சரவணபவ.



எங்கேயாவது மலை சரிஞ்சு ஊர் புதைஞ்ச செய்தி வந்தா, நம்ம குரூப்புகளில் இரண்டு வகை ஃபார்வர்டு வரும். ஒண்ணு, "ஊரே போச்சு, கோயில் மட்டும் அப்படியே நிக்குது பாருங்க, அற்புதம்!" இன்னொண்ணு, "அந்த ஊர்க்காரங்க செஞ்ச பாவம், சாமி கணக்கு தீர்த்துட்டாரு." முதலாவதுக்குக் கை கூப்புறோம். இரண்டாவதுக்கு "கர்மா யாரையும் விடாது"ன்னு ஒரு வரி எழுதுறோம். அப்புறம் அடுத்த மெசேஜுக்குப் போயிடுறோம்.

அந்த இரண்டாவது ஃபார்வர்டைப் பத்திக் கொஞ்சம் நின்னு யோசிப்போம். மலையில வாழுற ஜனங்க ஒரு பேரிடருக்கு அப்புறம் திரும்ப எழுந்து நிக்கணும்னா வீடு வேணும், நிலம் வேணும், வேலை வேணும். அது எல்லாத்துக்கும் முன்னாடி, "இது ஏன் நடந்தது?" என்ற கேள்விக்கு ஊரும் உலகமும் என்ன பதில் சொல்லுது என்பது முக்கியம். அந்தப் பதில் தப்பானா, கட்டுற வீடும் தப்பான இடத்துல எழும்பும். எப்படின்னு பார்ப்போம்.

*பெட்டிமுடி*

மூணாறு போனவங்களுக்கு ராஜமலை தெரிஞ்சிருக்கும். வரையாடு பார்க்கப் போற இடம். 12 வருஷத்துக்கு ஒரு தடவை நீலக்குறிஞ்சி பூக்கிற இடம். அந்த ராஜமலையைத் தாண்டி உள்ளே போனா பெட்டிமுடி. தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளோட லயங்கள் அங்கே இருந்தன. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கிட்டு வரிசையா நிக்கிற சின்னச் சின்ன வீடுகள். குடியிருந்தவங்க பெரும்பாலும் தமிழர்கள். பல குடும்பங்களுக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம்.

2020 ஆகஸ்ட் 6. நாள்கணக்கா மழை. கரண்ட் இல்லை, போன் வேலை செய்யலை. ராத்திரி பத்தரை மணி வாக்கில், மேலே மலையிலிருந்து கிளம்பின மண்ணும் பாறையும் தண்ணியும் ஓடை வழியா இறங்கி லயங்கள் மேல விழுந்தது. வெளியே தகவல் தெரிஞ்சதே மறுநாள் காலையிலதான். போற வழியில பெரியவரையில் இருந்த தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் போயிருந்தது. இறந்தவங்க 70 பேர். அதில் 4 பேரோட உடல் கிடைக்கவே இல்லை.

அந்த நாட்களில் குவி என்ற நாயோட கதை எல்லா போனுக்கும் வந்தது. தன் வீட்டுக் குழந்தையைத் தேடி அலைஞ்சு, கடைசியில் ஆற்றில் உடல் கிடந்த இடத்தைக் காட்டிக்கொடுத்த நாய். படிச்சவங்க கண் கலங்கினாங்க. அதுல தப்பே இல்லை. ஆனா அந்தக் கதை போன வேகத்தில் இன்னொரு கேள்வி போகலை: அத்தனை குடும்பம் அந்த ஓடை இறங்குற வழியில ஏன் குடியிருந்தது?

*இரண்டு 'ஏன்'*

"ஏன் நடந்தது?" என்பதை இரண்டு பக்கம் பார்த்துக் கேட்கலாம். வானத்தைப் பார்த்துக் கேட்கலாம். மலைச்சரிவைப் பார்த்தும் கேட்கலாம்.

வானத்தைப் பார்த்துக் கேட்டா, பேச்சு "யார் செஞ்ச பாவம்?" என்பதில் போய் நிக்கும். செத்தவங்கள்ல சின்னக் குழந்தைகளும் இருக்காங்களேன்னு கேட்டா, "போன பிறவி"ன்னு பதில் வரும். போன பிறவியைத் திறந்து பார்த்துச் சரின்னோ தப்புன்னோ சொல்ல நம்ம யாராலும் முடியாது. அடுத்த மழைக்கு முன்னாடி என்ன செய்யணும்னு அந்தப் பதில் ஒரு வார்த்தைகூட சொல்லாது.

சரிவைப் பார்த்துக் கேட்டா வேற பதில் வரும். மலையில் பாறைக்கு மேல மண் ஒரு கம்பளி மாதிரிதான் போர்த்தியிருக்கு. விடாம மழை பெய்யும்போது தண்ணி அந்த மண்ணுக்குள்ளே ஊறி, வடிய வழியில்லாம நிறையும். அப்போ மண்ணுக்கு இருக்கிற பிடி தளரும். ஒரு கட்டத்தில் மொத்தமா வழுக்கி இறங்கும். இறங்கினது பெரும்பாலும் ஓடையைத்தான் பாதையா எடுத்துக்கும். போற வழியில பாறை, மரம் எல்லாத்தையும் சேர்த்துக்கிட்டுப் பெருத்துக்கிட்டே போகும். மேலே எங்கேயோ காட்டுக்குள்ள ஆரம்பிச்ச சரிவு, ரொம்ப தூரம் கீழே தூங்குறவங்களைக் கொல்றது இப்படித்தான்.

அப்போ அந்த ஓடைக்கு நேரா கீழே யார் இருந்தாங்க என்பது அடுத்த கேள்வி. வீடு எங்கே கட்டணும்னு அந்தத் தொழிலாளிகள் முடிவு பண்ணலை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கிற வரைக்கும் வீடு, ஓய்வு பெற்றா காலி பண்ணணும். தலைமுறை தலைமுறையா கொழுந்து பறிச்ச குடும்பத்துக்கும் அந்த மலையில் சொந்தம்னு ஒரு சென்ட் நிலம் இல்லாம இருக்கலாம். "ஆபத்துன்னு தெரிஞ்சா வேற இடத்துக்குப் போயிருக்க வேண்டியதுதானே?"ன்னு கேட்கிறது நமக்குச் சுலபம். போறதுக்கு அவங்களுக்கு எந்த இடம் இருந்தது?

இப்போ யோசிச்சுப் பாருங்க. முதல் 'ஏன்' மட்டும் போதும்னா, ஒரு பரிகாரம் பண்ணிட்டு அதே ஓடைக்கரையில் அதே லயத்தைத் திரும்பக் கட்டிடலாம். இரண்டாவது 'ஏன்' கேட்டாத்தான் வீடு இடம் மாறும், நிலம் தொழிலாளி பேருக்கு வரும், மழை அளக்கிற கருவி அந்தச் சரிவுக்கு வரும்.

பெட்டிமுடியில் தப்பிச்ச எட்டுக் குடும்பங்களுக்கு மூணாறு பக்கம் குற்றியாறு பள்ளத்தாக்கில் சொந்தமா நிலமும் வீடும் கிடைச்சது. தேயிலைக் காட்டில் வேலை செய்றவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லத் தேவையில்லை. அதே சமயம், அதைப் பெற அவங்க கொடுத்த விலையையும் நினைக்கணும். மலை சரியாத மத்த லயங்களில் இருக்கிறவங்களுக்குச் சொந்த நிலம் இன்னும் கனவுதான்.

*அப்போ கர்மா பொய்யா?*

"வினைன்னு நம்ம பெரியவங்க சொன்னதெல்லாம் சும்மாவா?"ன்னு சிலர் கேட்பீங்க. கேட்க வேண்டிய கேள்விதான்.

அருணகிரிநாதரை எடுத்துக்கோங்க. திருப்புகழில் குற்றம், வினை, வீணாப் போன நாள் எல்லாம் எத்தனை தடவை வருது! ஆனா அவர் யாரைக் குற்றவாளியா நிறுத்துறார்? தன்னை. "நான் இப்படி இருந்தேன், என்னை ஆட்கொள்ளு"ன்னு கேட்கிறதுதான் அவர் வழி. பக்கத்து ஊர் வெள்ளத்தில் போச்சு, அது அவங்க வினைன்னு நிம்மதியா உட்கார்ந்து பாடுற வேலையை அவர் செய்யலை.

வினை என்பது 'நான்' என்று சொல்லிப் பேச வேண்டிய சொல். எனக்கு ஒரு கஷ்டம் வந்தா, "நான் எங்கே தவறினேன்?"ன்னு கேட்டுக்கலாம். அது என்னைத் திருத்தும். அதே சொல்லை 'அவங்க' என்று மாத்திப் போட்டா யாரும் திருந்தப் போறதில்லை. இரண்டு கெடுதல்தான் நடக்கும்.

முதல் கெடுதல், பிழைச்சவங்களைக் கூண்டில் ஏத்துறது. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய், "நான் என்ன பாவம் பண்ணினேன்?"ன்னு யாரும் சொல்லாமலேயே தன்னைக் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க. நம்ம ஃபார்வர்டு அந்தத் தாயோட போனுக்கும் போகும். அவங்க ராத்திரியில் பயந்துக்கிட்டு கேட்ட கேள்விக்கு, நாம பகல்ல "ஆமா, பாவம்தான்"னு எழுத்தில் பதில் அனுப்பின மாதிரி ஆயிடும்.

இரண்டாவது கெடுதல், நமக்கு நாமே விடுதலை கொடுத்துக்கிறது. கணக்கை சாமியே தீர்த்துட்டார்னா, நாம பார்க்க வேண்டிய கணக்கு எதுவும் பாக்கி இல்லையே! எச்சரிக்கை வந்ததா, யார் கேட்டாங்க, நிலம் யார் பேர்ல இருக்கு, எதையும் கேட்க வேண்டாம். பக்தின்னு நினைச்சுக்கிட்டு நாம செய்றது கடைசியில் சோம்பேறித்தனமா முடியுது.

*கோயில் நின்னது அற்புதம்னா?*

முதல் வகை ஃபார்வர்டையும் ஒரு வார்த்தை பேசிடுவோம். 2013 ஜூன் மாதம் கேதார்நாத்தில் மேலே இருந்த சோராபாரி ஏரி உடைஞ்சு வெள்ளம் வந்தது. ஒரு பெரிய பாறை உருண்டு வந்து கோயிலுக்குப் பின்னாடி நின்னு, தண்ணியை இரண்டா பிரிச்சு விட்டது. கோயில் தப்பிச்சது. அந்தப் பாறைக்கு இன்னைக்குப் பூஜை நடக்குது. அதைப் பார்த்து ஒருத்தருக்குக் கண்ணீர் வந்தா அது அவங்க பக்தி, நான் குறுக்கே வரமாட்டேன்.

ஆனா உத்தரகாண்டில் அந்த வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானவங்க போயிட்டாங்க. அந்தக் கோயிலுக்கே வந்த யாத்ரீகர்கள், குதிரையும் டோலியும் வச்சுப் பிழைச்ச மலைக்கிராமத்து ஆம்பளைங்க. "சாமி கல்லைக் காப்பாத்தினார்"னு நாம கொண்டாடும்போது, கணவனை இழந்த பொண்ணு காதில் அது எப்படி விழும்? அற்புதத்தைச் சொல்றவங்க, செத்தவங்களையும் அதே மூச்சில் சொல்லப் பழகணும்.

*மயிலும் பயப்படுற மலை*

நம்ம முருகன் குறிஞ்சி நிலத்துக் கடவுள். மலையும் மலை சார்ந்த இடமும் அவனுடையது. அப்புறம் எப்படி மலை கொல்லும்? இளைஞர்கள் பலர் மனசுக்குள்ளே கேட்டுட்டு வெளியே சொல்லப் பயப்படுற கேள்வி இது.

திருமுருகாற்றுப்படையோட கடைசிப் பகுதியைப் படிச்சுப் பாருங்க. பழமுதிர்சோலை மலையில் அருவி இறங்குறதை நக்கீரர் விவரிக்கிறார். நாம போட்டோ எடுக்கிற அழகு அருவி மட்டும் இல்லை அது. தேன்கூடு உடையுது. மரம் வேரோட பிடுங்கிக்கிட்டுப் போகுது. சந்தன மரம் உருண்டு வருது. குரங்கு நடுங்குது. கரடி பாறைக் குகைக்குள்ள பதுங்குது. மயில்கள் வெருண்டு போகுது, காட்டுக்கோழி பயந்து ஓடுது. கவனிச்சீங்களா? அவன் வாகனமான மயில், அவன் கொடியில் இருக்கிற கோழி, அந்த இனங்களே அந்தத் தண்ணியைக் கண்டு அஞ்சுது. அப்படிப்பட்ட மலைக்கு உரியவன் முருகன்னு சொல்லித்தான் அந்தப் பாட்டு முடியுது.

இதை நான் இப்படிப் புரிஞ்சுக்கிறேன். மலைத்தண்ணி ஆபத்தானது என்பது நம்ம முன்னோருக்குத் தெரியும். அதை மறைச்சு அவங்க பக்தி பண்ணலை. அதைத் தண்டனைன்னும் சொல்லலை. காட்டுக்கோழி என்ன பாவம் பண்ணிச்சு? மலையோட இயல்பை அப்படியே பார்த்துட்டு, அதுக்கு நடுவுலயும் அவனை நாடிப் போனாங்க. பக்தன்னா மலை நம்மை ஒண்ணும் செய்யாதுன்னு நினைக்கிறவன் இல்லை. மலையை உள்ளபடி பார்க்கத் தைரியம் உள்ளவன்.

*வயநாடு சொல்லிக் கொடுக்கிறது*

சரி, இரண்டாவது 'ஏன்' கேட்டுட்டோம். அதுக்கு அப்புறம் மீண்டு வர்றது எப்படி இருக்கும்?

2024 ஜூலை 30 அதிகாலை, வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை. 48 மணி நேரத்தில் 570 மில்லிமீட்டருக்கு மேல மழை. புஞ்சிரிமட்டத்துக்கு மேலே உடைஞ்ச மலை, புன்னப்புழை ஆற்று வழியா இறங்கி ஊரை அழிச்சது. 250 பேருக்கு மேல இறந்தாங்க. பல உடல்கள் சாலியாற்றில் அடிச்சுட்டுப் போய் மலப்புரம் மாவட்டத்தில் கிடைச்சது. 2019 ஆகஸ்ட் மாதம் பக்கத்திலேயே புத்துமலை சரிஞ்சு 17 பேர் இறந்திருந்தாங்க. கல்பற்றாவில் உள்ள ஹியூம் மையம், தன் மழைமானிகளைப் பார்த்துட்டு முந்தின நாளே எச்சரிக்கை கொடுத்திருந்தது. மலை முன்கூட்டியே சொல்லத்தான் செஞ்சது. எல்லார் காதுக்கும் அது போய்ச் சேரலை.

முதல் சில நாள் நடந்தது பெருமைப்படுற மாதிரி இருந்தது. கூடலூரைச் சேர்ந்த ஒரு செவிலியர், மருந்துப் பையோட கயிற்றில் தொங்கிக்கிட்டே வெள்ளத்தைத் தாண்டிப் போய் அக்கரையில் அடிபட்டவங்களுக்கு சிகிச்சை பண்ணினாங்க. தமிழக அரசு அவங்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் ராணுவ வீரர்கள் 190 அடி நீளப் பெய்லி பாலத்தை இரண்டு நாளுக்குள்ள போட்டு முடிச்சாங்க.

பாலத்துக்கு இரண்டு நாள். ஆனா கல்பற்றா எல்ஸ்டன் எஸ்டேட்டில் புது ஊருக்கு அடிக்கல் நாட்டினது 2025 மார்ச் 27. அதாவது எட்டு மாசம் கழிச்சு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 7 சென்ட் நிலம், 1000 சதுர அடி வீடு என்பது திட்டம். நடுவில் வாடகை வீட்டு வாழ்க்கை. வாடகைக்கு அரசு மாசம் 6000 ரூபாய் கொடுத்தது. வீடே இல்லாமப் போனவங்களுக்கு வீட்டுக்கடன் மட்டும் உயிரோட இருந்தது. நிவாரணமா வந்த பணத்திலிருந்தே கடன் தவணை பிடிக்கப்பட்டு, சத்தம் போட்ட பிறகு திரும்ப வந்த கதையும் உண்டு. இதெல்லாம் வைரல் ஆகுற காட்சி இல்லை. ஆனா மீட்சி என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: மனு, ரசீது, பட்டியலில் பேர் இருக்கான்னு பார்க்க அலுவலகத்துக்கு நாலு தடவை நடை.

அங்கே இரண்டு விஷயம் என் மனசில் நிக்குது.

ஒண்ணு, புத்துமலையில் இருக்கிற இடுகாடு. யாருன்னு தெரியாத உடல்களை, உடல் பாகங்களை எண் போட்டு அங்கே அடக்கம் பண்ணினாங்க. எந்த மதம்னு தெரியாததால எல்லா மதப் பிரார்த்தனையும் நடந்தது. அப்புறம் டி.என்.ஏ. சோதனை முடிவு வர வர, எண்ணுக்குப் பக்கத்தில் பேர் வந்தது. செத்தவங்களுக்குப் பேர் திரும்பக் கிடைக்கிறதும் ஊர் மீள்றதில் ஒரு பகுதிதான். தன் ஆளு எங்கே கிடக்கிறான்னு தெரியாதவங்களால புது வீட்டில் எப்படி அடுப்பு மூட்ட முடியும்?

இன்னொண்ணு, வெள்ளார்மலை பள்ளிக்கூடம். அது சரிவில் சிதைஞ்சு போச்சு. பிள்ளைகளுக்கு 2024 செப்டம்பர் 2 அன்னைக்கே மேப்பாடியில் வகுப்பு தொடங்கினாங்க. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளப் பள்ளிக் கலோத்ஸவத் தொடக்க விழாவில் அந்தப் பிள்ளைகள் தங்கள் ஊர் மீண்டு வர்ற கதையையே நடனமா ஆடினாங்க. "பாவம், பாதிக்கப்பட்டவங்க"ன்னு உலகம் பார்த்த பிள்ளைகள், தங்க கதையைத் தாங்களே சொன்னாங்க. 'அந்த ஊர்க்காரங்க செஞ்ச பாவம்'னு எழுதுறவங்க அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வாங்களா?

*நாம என்ன செய்யலாம்?*

வள்ளி மலைக்குறவர் வீட்டுப் பொண்ணு. அந்தக் கணக்கில் மலைமக்கள் நம்ம சாமிக்குச் சம்பந்தி வீடு. சம்பந்தி வீட்டில் சாவு விழுந்தா நாம வாசல்ல நின்னு "என்ன பாவமோ"ன்னு பேச மாட்டோம். உள்ளே போவோம், வேலையைப் பார்ப்போம்.

அதனால மூணே மூணு பழக்கம் வச்சுக்கலாம்.

முதலாவது, 'பாவம்', 'கர்மா'ன்னு வர்ற பேரிடர் ஃபார்வர்டை நம்ம கையோட நிறுத்திடலாம். அனுப்பினவரைத் திட்ட வேண்டாம். "அண்ணா, அந்த ஊர்க்காரங்க இதைப் படிச்சா எப்படி இருக்கும்?"ன்னு ஒரு வரி போதும்.

இரண்டாவது, உதவி பண்றவங்க கொஞ்சத்தைப் பின்னாடிக்கும் வைங்க. முதல் வாரம் அரிசியும் துணியும் மலை மாதிரி குவியும். ஆறு மாசம் கழிச்சு ஒரு பிள்ளைக்குக் காலேஜ் பீஸ், ஒரு அம்மாவுக்கு மருந்துச் செலவு, ஒரு கடைக்காரருக்கு முதல் சரக்கு, இதுக்கு யாரும் இருக்க மாட்டாங்க. தைப்பூசத்துக்குக் காணிக்கை முடிஞ்சு வைக்கிற மாதிரி, அதையும் முடிஞ்சு வைக்கலாம்.

மூணாவது, மலைக்கோயிலுக்கோ சுற்றுலாவுக்கோ போகும்போது, அந்த மலையில் குடியிருக்கிறவங்க யாரு, அவங்க வீடு யார் நிலத்தில் இருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. நமக்கு டீ கொடுக்கிற அக்காவோட வீட்டுக்குப் பின்னாடி ஓடை எந்தப் பக்கம் இறங்குதுன்னு ஒரு பார்வை பாருங்க.

ராஜமலையில் கடைசியா நீலக்குறிஞ்சி பூத்தது 2018-ல். ஒரு தடவை பூத்தா அந்தச் செடி காய்ஞ்சு போகும். விதை மண்ணில் விழுந்து, முளைச்சு, பன்னிரண்டு வருஷம் வளர்ந்துதான் அடுத்த பூ. அது 2030-ல் வரும். பெட்டிமுடிக்கு அப்போ பத்து வருஷம் ஆகியிருக்கும். முருகனுக்கு உகந்த பூன்னு நம்மில் ஆயிரக்கணக்கானவங்க அங்கே போய் போட்டோ எடுப்போம். போங்க, எடுங்க. ராஜமலை அடக்கத்தலத்தில் அந்த எழுபது பேரில் பலர் இருக்காங்க. அங்கேயும் ஒரு நிமிஷம் நின்னுட்டு வாங்க.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

(படிச்சது மனசுக்குப் பட்டா, மலையில சொந்தபந்தம் இருக்கிற ஒருத்தருக்காவது அனுப்புங்க.)